வாங்கிய கைகளும் கொடுக்கப் பழகட்டும்

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்குத்தான். மன்னாரிலிருந்து பலர் கடல் வழியாகக் கல்பிட்டிக் கரையில் வந்திறங்கினார்கள். இங்குள்ள மக்கள் சோறும் உடையும் தங்க இடமும் கொடுத்து அணைத்துக்கொண்டார்கள். ஆனால் ஓலைக் கொட்டில்களும் நிவாரண அரிசியும் பல வருடங்கள் நீடித்தன. அங்கு பிறந்த பிள்ளைகள் அறிவு தெரிந்த நாள் முதல் கண்டது, வாங்குவதற்காக நிற்கும் வரிசையைத்தான்.

அந்தப் பிள்ளைகள் இன்று தாய்மாராகி இருக்கிறார்கள். “எங்களுக்கே மற்றவங்க தந்துதானே சீவிச்சோம், எங்கட பிள்ளைகள் எதைக் குடுக்கிறது?” என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். திருப்பிக் கொடுக்க முடியாமல் வாங்கிக்கொண்டே இருப்பது மனிதனைத் தாழ்த்திவிடும் என்று, பிரெஞ்சு சமூகவியலாளர் மார்செல் மோஸ் கொடை பற்றி 1925இல் எழுதியதைப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். அதன் பொருளை முகாம்களில்தான் விளங்கிக்கொண்டேன்.

இஸ்லாம் இதற்கு அழகான வழி வைத்திருக்கிறது. ஸகாத் வசதியுள்ளவர்களின் கடமை; சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கு. ஆனால் நோன்புப் பெருநாள் பித்ரா அப்படியல்ல. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, அன்றைய தேவைக்கு மேல் மிச்சமிருந்தால் ஏழையும் கொடுக்க வேண்டும். பித்ரா வாங்கும் வீடே பித்ரா கொடுக்கும் வீடாகவும் இருக்கலாம். ஸதகாவுக்கோ அளவே இல்லை. புன்முறுவலும், பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும்கூட ஸதகாதான்.

பாடசாலைகளில் இதைப் பழக்கலாம். ஆனால் முறை முக்கியம். ஒரு பாடசாலையில் உண்டியலில் காசு போட்டவர்களின் பெயரையும் தொகையையும் காலைக் கூட்டத்தில் வாசித்தார்கள். தகப்பன் இல்லாத ஒரு சிறுமி அந்த நாட்களில் பாடசாலைக்கே வராமல் நின்றுவிட்டாள். கொடுத்ததைச் சொல்லிக்காட்டி நோவினை செய்தால் தர்மம் பாழாகிவிடும் என்று குர்ஆன் எச்சரிப்பதை நாம் மறக்கலாமா?

மூடிய பெட்டி ஒன்று போதும். யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரிய வேண்டாம். காசில்லாத பிள்ளை ஒரு பென்சில் போடட்டும், அல்லது சுகமில்லாமல் வராத தோழிக்குப் பாடத்தை எழுதிக் கொடுக்கட்டும். சேர்ந்ததை யாருக்குக் கொடுப்பது என்பதை வகுப்பாசிரியை மட்டும் அறிந்து, தனியே கொடுக்கட்டும்.

சகோதரிகளே, வீட்டில் நம் உம்மாமார் எடுத்துவைத்த பிடியரிசிப் பானையை நினைத்துப் பாருங்கள். இனி அந்தப் பிடியை உங்கள் பிள்ளையின் கையால் எடுத்துப் போடச் செய்யுங்கள். தன்னிடமும் கொடுப்பதற்கு ஏதோ இருக்கிறது என்று அறிந்த பிள்ளை, எந்த வரிசையில் நின்றாலும் தலைகுனியாது.