சர்க்கரையோடு ஓடும் சைக்கிள்கள்

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளையின் அம்மாவுக்கு ஊரே டாக்டர்தான். "பாகற்காய் ஜூஸ் கொடுங்க", "வெயிலில் விடாதீங்க", "இனிமே விளையாட்டெல்லாம் எதுக்கு?" என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். முதல் இரண்டையும் சிரித்துக்கொண்டே கடந்துவிட்டேன். மூன்றாவதுதான் உறுத்தியது. பதினான்கு வயதாகும் என் மகனுக்கு சைக்கிள் என்றால் உயிர்.

அந்த நாட்களில்தான் 'டீம் நோவோ நோர்டிஸ்க்' பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் 2013-ல் உருவான தொழில்முறை சைக்கிள் பந்தய அணி. ஓட்டும் அத்தனை பேருக்கும் சர்க்கரை நோய்! பணம் போடுவது இன்சுலின் தயாரிக்கும் டென்மார்க் நிறுவனம். விளம்பரம்தான், சந்தேகமில்லை. ஆனால், மலைச்சாலையில் மிதிப்பது விளம்பரம் இல்லையே!

அணியை உருவாக்கிய பில் சதர்லேண்டுக்கு ஏழு மாதக் குழந்தையிலேயே இந்த நோய். 25 வயதைத் தாண்டுவதே கஷ்டம் என்று அவருடைய அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைதான் 2005-ல் ஜோ எல்ட்ரிட்ஜுடன் சேர்ந்து 'டீம் டைப் 1' என்ற குழுவைத் தொடங்கினார். அமெரிக்காவை மேற்கிலிருந்து கிழக்காகக் கடக்கும் சுமார் 4,800 கி.மீ. பந்தயத்தில், அணிகள் பிரிவில் 2007-ல் அந்தக் குழு வென்றது. அதன் வளர்ச்சிதான் இன்றைய அணி.

இவர்களுக்குப் பந்தயம் இரண்டு. ஒன்று சாலையில், இன்னொன்று ரத்தத்தில். நெடுநேரம் மிதித்தால் சர்க்கரை சரியும். கை நடுங்கும், புத்தி குழம்பும். இறக்கத்தில் பறக்கும்போது அப்படி ஆனால் உயிருக்கே ஆபத்து. கடைசி நேரப் பரபரப்பில் அதே சர்க்கரை எகிறவும் செய்யும். அதனால் உடம்பில் ஒட்டிய சென்சார் காட்டும் எண்ணைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே ஓட்டுகிறார்கள். நம் வீட்டுச் சமையலறையில் நான் போடும் அதே கணக்கு!

இன்சுலின் கண்டுபிடித்து நூறாண்டு நிறையும் 2021-க்குள் டூர் டி பிரான்ஸில் ஓட்ட வேண்டும் என்பது இவர்கள் கனவு. அது நடக்கவில்லை. அதே 2021-ல், கிட்டத்தட்ட 300 கி.மீ. நீளும் மிலான்-சான் ரெமோ பந்தயத்தில் இந்த அணியின் சார்லஸ் பிளானேயும் ஆண்ட்ரியா பெரோனும் தொடக்கத்திலேயே முன்னே பாய்ந்த சிறு கூட்டத்தில் இருந்தார்கள். பல மணி நேரம் முன்னால் ஓடிய அவர்களைக் கடைசியில் பெருங்கூட்டம் பிடித்துவிட்டது.

"அப்போ தோத்துட்டாங்களாம்மா?" என்றான் மகன்.

"ஆமாடா. மத்தவங்க எல்லாரும் தோக்கிற மாதிரிதான் தோத்தாங்க" என்றேன். அவனுக்கு அது பிடித்துவிட்டது. நோயாளி என்று யாரும் அவர்களுக்கு வழிவிடவில்லை, பாருங்கள்!

டாக்டரிடம் கேட்டோம். "தாராளமாக ஓட்டட்டும்" என்றவர், சில விதிகளும் சொன்னார். கிளம்பும் முன் சர்க்கரை பார்க்க வேண்டும். பாக்கெட்டில் குளுக்கோஸ் வேண்டும். மயக்கம் வந்தால் என்ன செய்வது என்று கூட வரும் நண்பனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது இருபது கிலோமீட்டர் போகிறான். அவன் திரும்பும் வரை வாசலையே பார்க்கிறேன்தான். ஆனாலும், போகாதே என்று சொல்வதில்லை.