தாத்தாவின் பென்சில்

பழைய புத்தகம் ஒன்று கையில் கிடைத்தாலே எல்லாருக்கும் ஒரு நப்பாசை வரும். இது முதல் பதிப்பாக இருந்துவிட்டால்? எனக்கும் வந்தது. அதனால் செய்த முட்டாள்தனத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

ஒகேனக்கல் ஊட்டமலையில் எங்கள் வீட்டுப் பரணில் கென்னத் ஆண்டர்சனின் ‘நைன் மேன்-ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக்’ இருந்தது. பென்னாகரத்தில் வாத்தியாராக இருந்த தாத்தா, பெங்களூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கியது. ஆண்டர்சனைத் தெரியாதவர்களுக்கு: 1910-ல் பிறந்து 1974-ல் மறைந்த பெங்களூர்க்காரர். ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி ஜவளகிரி, பென்னாகரம், சின்னாறு என்று எங்கள் பக்கத்துக் காடுகளில் அலைந்தவர். இந்தப் புத்தகத்தில் வரும் பூசாரி பைரா எங்கள் காட்டு ஆள்தான்.

முதல் பதிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் காப்புரிமைப் பக்கம். ஆண்டர்சனின் இந்தப் புத்தகத்தை லண்டனில் ஜார்ஜ் ஆலன் அண்ட் அன்வின் 1954-ல் வெளியிட்டது. முதலில் வெளியான ஆண்டு மட்டும் இருந்து, அதன் கீழே இரண்டாம் அச்சு, மூன்றாம் அச்சு என்று எதுவும் இல்லாவிட்டால் நல்ல சகுனம். இப்போதைய புத்தகங்களில் 1 முதல் 10 வரை எண் வரிசை இருக்கும். அதில் மிச்சமிருக்கும் சின்ன எண்தான் எத்தனையாவது அச்சு என்பது.

லண்டனில் வந்ததுதான் முதல் பதிப்பு என்றும் நினைத்துவிடக் கூடாது. ஜிம் கார்பெட்டின் ‘மேன்-ஈட்டர்ஸ் ஆஃப் குமாவுன்’ 1944-ல் முதலில் வந்தது பம்பாயில்!

அமெரிக்க நாவல்களில் அச்சுப்பிழைக்குத்தான் மவுசு. 1925-ல் வந்த ‘தி கிரேட் கேட்ஸ்பி’யின் முதல் அச்சில், 205-ஆம் பக்கத்தில் ‘அண்ட்’ வரவேண்டிய இடத்தில் ‘இன்’ என்று இருக்கும். அடுத்த அச்சில் திருத்திவிட்டார்கள். தப்பு இருந்தால்தான் விலை! நான் பரீட்சையில் விடும் பிழைகளுக்கும் இப்படி யாராவது மார்க் போட்டால் தேவலை :-)

எல்லாவற்றுக்கும் மேல் ஜாக்கெட். தையல்காரர் ஜாக்கெட் இல்லை, அட்டைக்கு மேல் சுற்றி வரும் காகித உறை. பல புத்தகங்களுக்கு விலையில் பெரும்பங்கு அந்தக் காகிதத்துக்குத்தான்.

எங்கள் புத்தகத்தில் காப்புரிமைப் பக்கம் சரியாக இருந்தது. ஜாக்கெட் இல்லை. பெங்களூரில் புத்தகம் சேகரிக்கும் ஒருவரிடம் போனில் பேசினேன். “உள்ள ஏதாவது எழுதியிருக்கா தம்பி?” என்றார். ஓரங்களில் தாத்தா பென்சிலால் நிறைய எழுதியிருக்கிறார் என்றேன். “பென்சில்தானே, நல்ல ரப்பர் வெச்சு மெதுவா அழிச்சிடுங்க. கொஞ்சம் கூடவே தரேன்.”

பைரா வரும் அத்தியாயத்தில் ஆரம்பித்தேன். மூன்று பக்கம் சுத்தமாகிவிட்டது. அம்மா வந்து பார்த்தாள்.

“தாத்தா எழுதினதாடா? என்ன எழுதியிருந்தாரு?”

எனக்குப் பதில் தெரியவில்லை. படிக்காமலே அழித்திருந்தேன்.

நான்காம் பக்கத்தை அப்போதுதான் படித்தேன். ஆண்டர்சன் சின்னாற்றைப் பற்றி எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் தாத்தாவின் பொடி எழுத்து: “இங்கே மணலைத் தோண்டினால் சித்திரையிலும் தண்ணீர் ஊறும். அப்பா காட்டினார்.” தாத்தாவின் அப்பா காட்டுக்குள் போவார் என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

1954-ல் அச்சான பிரதிகள் உலகத்தில் எங்கெங்கோ இருக்கும். தேடினால் கிடைக்கும். தாத்தா எழுதியது இந்த ஒன்றில்தான். அந்தப் பதிப்பில் மூன்று பக்கத்தை நானே காலி செய்துவிட்டேன்.

புத்தகத்தை விற்கவில்லை. ராத்திரி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் அழித்த பக்கங்களில் பென்சில் அழுத்திய தடம் லேசாகத் தெரிகிறது. இதுவரை ஒரே ஒரு சொல்லைப் படித்திருக்கிறேன். ‘அம்மாவுக்கு’ என்று இருக்கிறது. மீதியை முயன்றுகொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதாவது இருக்கும். காப்புரிமைப் பக்கத்தைப் பாருங்கள். அதற்கு முன்னால் ஓரங்களைப் படித்துவிடுங்கள்.