களமசேரியில் கரையும் மைல்கள்

கொச்சியிலிருந்து ஆலுவா செல்லும் வழியில் இருக்கிறது களமசேரி. எச்.எம்.டி., பல்கலைக்கழகம் என்று அடையாளங்கள் உண்டு. ஆனால் டீக்கடைப் பேச்சில் அடிபடுவது துபாயும் தோஹாவும்தான். 1999இல் நெடும்பாசேரி விமான நிலையம் வந்த பிறகு வளைகுடா இன்னும் பக்கம்.

துபாயில் 20 ஆண்டுகளாக லாரி ஓட்டும் ஒரு சேட்டனைச் சந்தித்தேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊர். எந்த மைல் திட்டத்திலும் சேரவில்லை. "அதெல்லாம் கோட்டு போட்டவங்களுக்கு" என்றார்.

பாதி உண்மை. பல திட்டங்களில் மைல்கள் மூன்றாண்டில் காலாவதி. எப்போதாவது பறப்பவருக்குச் சேர்வதற்குள் கரைந்துவிடும். ஆனால் எமிரேட்ஸ் போன்ற நிறுவனங்களில் குடும்பத்தினர் எட்டுப் பேர் வரை ஒரே கணக்கில் சேர்க்கலாம்.

செலவிடுவதில்தான் சூட்சுமம். கட்டணம் குறைந்த மாதங்களில் காசு கொடுப்பதே மேல். ஓணம், பள்ளி விடுமுறை சமயத்தில் டிக்கெட் விலை எகிறும். நிர்ணயித்த மைலுக்கு இருக்கை கிடைத்தால் அப்போதுதான் லாபம். கொஞ்சம்தான் ஒதுக்குவார்கள், மாதங்களுக்கு முன்பே பிடிக்க வேண்டும். வரி பெரும்பாலும் கைக்காசு.

சில நிறுவனங்கள் அண்மையில் பறந்ததற்குப் பின்னரும் மைல் தருவதுண்டு என்றேன். சேட்டன் டீயை வைத்துவிட்டு, பர்ஸில் போர்டிங் பாஸைத் தேட ஆரம்பித்தார்.