கம்பளம் பார்க்கப் போய்...

லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு நான் போனது அர்தபில் கம்பளத்தைப் பார்க்கத்தான். சாயம் மங்கிவிடக் கூடாது என்று அதற்கு அரை மணிக்கு ஒருமுறை, பத்து நிமிடம் மட்டுமே விளக்குப் போடுகிறார்கள். காத்திருந்த நேரத்தில், நீலமும் வெள்ளையுமாக ஒரு குண்டுப் பாத்திரம் கண்ணில் பட்டது. பூச்சாடி என்றுதான் நினைத்தேன். பூச்சாடிக்கு எதற்குத் தோளில் இன்னொரு துளை?

அது கலியான், அதாவது பாரசீக ஹூக்காவின் அடிப்பாகம். 17ஆம் நூற்றாண்டுப் பொருள். புகையிலையும் கரியும் வைத்த கிண்ணத்தின் குழாய் மேல்வாய் வழியே தண்ணீருக்குள் இறங்கும். பக்கத்துத் துளையில் உறிஞ்சும் குழல்.

இந்த வடிவம் நமக்குப் புதிதல்ல. மூக்கு வைத்த தண்ணீர்ச் சாடியை மலாயிலும் கெண்டி என்கிறார்கள், தமிழிலும் கெண்டிதான். சீனாவில் செய்த கெண்டிகள் பாரசீகத்துக்கும் போயின. அங்கே அவற்றை ஹூக்காவாக்கிக் கொண்டார்கள்! பிறகு கெர்மான் குயவர்கள் தாங்களே செய்தார்கள். சீனப் பீங்கானுக்கான வெண்களிமண் இல்லை. படிகக்கல்லைப் பொடித்துச் சமாளித்தார்கள். சீன முத்திரையைக்கூட விடவில்லை. எழுத்துபோல இருக்கும், யாராலும் படிக்க முடியாது. 1644இல் மிங் ஆட்சி கவிழ்ந்து சீனச் சரக்கு குறைந்தபோது, டச்சுக் கம்பெனியே கெர்மான் பாத்திரங்களை வாங்கிக் கப்பலேற்றியது.

மன்னர் ஷா அப்பாஸுக்குப் புகையிலை பிடிக்காது. ஒருமுறை குதிரைச் சாணத்தைக் காயவைத்து நிரப்பிக் கொடுத்தாராம். அவையோர் இழுத்துவிட்டு, “அருமையான புகையிலை” என்றார்களாம்.

சிரித்தேன். ஆனால் நானும் அந்த அவையில் ஒருவன்தான். 2016 ஆகஸ்டில் சிங்கப்பூரில் ஷீஷாவுக்கு முழுத் தடை வரும்வரை, மாலை நிகழ்ச்சி முடிந்தால் நேராக அரபு ஸ்திரீட்தான். ஆப்பிள் வாசனை, நண்பர்கள், அரட்டை. ஒருநாள் ஒலிபரப்பின் நடுவே குரல் உடைந்து நின்றுவிட்டது. அவசரமாக ஒரு பாட்டைப் போட்டுவிட்டு எழுந்தேன். வானொலிக்காரனுக்குக் குரல்தானே சோறு?

“தண்ணீரில் வடிகட்டித்தானே வருது, டாக்டர்?” என்று மறுநாள் கேட்டேன்.

“தண்ணீர் சூட்டைத்தான் தணிக்கும், தம்பி. நிக்கோட்டினும் கரியின் நச்சு வாயுவும் தாராளமாக உள்ளே போகும். சுகமாக இருப்பதால் இன்னும் ஆழமாக இழுப்பீர்கள்.”

இரண்டு வாரம் பேசக் கூடாது என்றார். அம்மாவுக்குக் காரணத்தைத் துண்டுச்சீட்டில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. படித்துவிட்டு அம்மாவும் பேசவில்லை.

அந்த நீலக் கெண்டியின் துளையையே பார்த்துக்கொண்டிருந்ததில், கம்பளத்துக்கு விளக்கு எரிந்து அணைந்ததைத் தவறவிட்டேன். இன்னொரு அரை மணி காத்திருந்தேன்.