எழுநூற்று எழுபத்தேழு

சர்வர் பராமரிப்பு என் பிழைப்பு. "பெர்மிஷன் டினைட்னு வருது சார்" என்று யாராவது போன் செய்தால், கேட்டு முடிப்பதற்குள் என் விரல் சிஹெச்மாட் 777 என்று அடித்துவிடும். தெரியாமல் செய்தேன் என்றால் அது பொய். உரிமையாளர், குழு, மற்றவர் என்று மூன்று தரப்புக்கும் படிக்க, எழுத, இயக்க அனுமதியை அள்ளிக்கொடுக்கும் எண் அது. அடித்தவுடன் போன் அடங்கிவிடும். முறையாகப் பார்ப்பதென்றால் நேரமாகும். அதுவரை "இன்னும் பிடிபடல, பார்த்துட்டு இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். வாடிக்கையாளரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

இத்தனைக்கும் கோளாறு பெரும்பாலும் அந்தக் கோப்பில் இருக்காது. மேலே ஏதோ ஒரு ஃபோல்டரில் எக்ஸ் அனுமதி விடுபட்டிருக்கும். ஃபோல்டரைப் பொறுத்தவரை எக்ஸ் என்பது அதைக் கடந்து உள்ளே போகும் உரிமை. அது இல்லையென்றால் கடைசிக் கோப்பை எவ்வளவு திறந்துவைத்தும் பயனில்லை. நேம்ஐ ஹைஃபன் எல் என்று அடித்தால் பாதை முழுவதும் படிப்படியாகத் தெரிந்துவிடும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இதை நானே பாடமாக நடத்தியிருக்கிறேன்.

கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டூடியோ ஒன்று என் பொறுப்பில் இருந்தது. அங்கே தம்ப்நெயில்களுக்கென்று 40 ஜிபி பார்ட்டிஷன். ஒருநாள் "இடமில்லை" என்று பிழை வந்தது. டிஎஃப் கட்டளை போட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட 30 ஜிபி காலி. எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லாமல், "டிஸ்க் பழசு, பெருசா வாங்கிடலாம்ண்ணே" என்றேன். வாங்கினார். பிரச்சினை போயேபோய்விட்டது. "தம்பி கை வெச்சா சரியாயிடும்" என்று நாலு பேரிடம் சொன்னார். அதில் எனக்கு இரண்டு புது வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள்.

தீர்ந்திருந்தது இடமல்ல, ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் ஐநோட். எக்ஸ்ட்4 கோப்புமுறை ஃபார்மேட் செய்யும்போதே இத்தனை கோப்புகள்தான் என்று வரம்பு வகுத்துவிடும். வழக்கமான கணக்கு 16 கேபிக்கு ஒரு ஐநோட். 40 ஜிபிக்குச் சுமார் 26 லட்சம். தம்ப்நெயிலோ ஒவ்வொன்றும் 4 கேபிதான். 10 ஜிபி நிறைவதற்குள் ஐநோட் தீர்ந்துவிடும். டிஎஃப் ஹைஃபன் ஐ என்று ஓர் எழுத்து கூட அடித்திருந்தால் நூறு சதவீதம் என்று காட்டியிருக்கும். பெரிய டிஸ்க்கில் ஐநோட்டும் கூடுதலாக வரும் என்பதால் என் வைத்தியம் பலித்தது. காரணம் எனக்குப் பிறகு தெரிந்தது. அவரிடம் சொல்லவில்லை.

அதே ஸ்டூடியோவில் ஆர்டருக்கு ஒரு ஃபோல்டர் என்று எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்குள் போட்டுவந்தார்கள். அது பழைய எக்ஸ்ட்3 பார்ட்டிஷன். ஒரு முகூர்த்த நாளில் புது ஃபோல்டர் உருவாக மறுத்தது. பிழை வாசகத்தைப் படிக்காமலே ஹைஃபன் ஆர் சேர்த்து, உள்ளே இருந்த அத்தனைக்கும் 777 போட்டேன். அப்போதும் உருவாகவில்லை. அதற்கப்புறம்தான் படித்தேன்: டூ மெனி லிங்க்ஸ். எக்ஸ்ட்3-ல் ஒரு ஃபோல்டருக்கு இணைப்பு எண்ணிக்கை 32,000 வரைதான். அதற்கே உரிய இரண்டைக் கழித்தால் 31,998 துணை ஃபோல்டர்களுக்கு மேல் போகாது. அனுமதிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. பழைய ஆண்டுகளின் ஃபோல்டர்களை வேறிடத்துக்கு நகர்த்தினேன், வேலை ஓடியது.

777-ஐ மட்டும் திரும்ப எடுக்கவில்லை. முன்பு எந்த ஃபோல்டருக்கு என்ன அனுமதி இருந்தது என்பதை ஹைஃபன் ஆர் அழித்துவிட்டது. திரும்ப அமைக்க வேண்டுமென்றால் யார் எதைத் தொடலாம் என்று உரிமையாளரிடம் கேட்க வேண்டும். கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்.

லினக்ஸில் ஒரு கோப்பை அழிக்கும் உரிமை அந்தக் கோப்பில் இல்லை. அது இருக்கும் ஃபோல்டரின் எழுதும் அனுமதியில் இருக்கிறது. எல்லாரும் எழுதும் டிஎம்பி ஃபோல்டருக்கு வெறும் 777 கொடுக்காமல் 1777 கொடுப்பது அதனால்தான். முன்னால் நிற்கும் அந்த ஒன்று, அடுத்தவன் கோப்பை அழிக்க விடாது. நான் போட்டதில் அந்த ஒன்று இல்லை. ஆல்பம் வடிவமைக்க வந்திருந்த பையன் ஒருவனுக்குப் பார்க்க மட்டும் உரிமை கொடுத்திருந்தோம். நெட்வொர்க் வழியாகத் தன் கணினியில் தெரிந்ததை நகல் என்று நினைத்து ஒரு கல்யாணத்தின் முழு ஃபோல்டரையும் அழித்துவிட்டான். கேமரா கார்டுகள் அதற்குள் அடுத்த கல்யாணத்துக்குப் போய்விட்டிருந்தன.

யார் அழித்தது என்று உரிமையாளர் கேட்டார். கோப்புகளை நெட்வொர்க்கில் பகிரும் சாம்பாவின் லாகைத் திறந்து காட்டினேன். அவன் லாகின்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை. அந்த லாகினால் அழிக்கவே முடிந்திருக்கக் கூடாது என்பதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். "நான் பார்க்கத்தானே முடியும்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க" என்று அவன் என்னைப் பார்த்துக் கேட்டான். "நெட்வொர்க்ல அப்படியெல்லாம் நம்பக் கூடாது தம்பி" என்றேன். அந்த மாதத்தோடு அவனை நிறுத்திவிட்டார்கள்.

உரிமையாளர் கேட்ட அன்று ராத்திரியே வீட்டிலிருந்து உள்ளே நுழைந்து, குழு பிரித்து, 2775 போட்டு எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினேன். கட்டளை வரலாற்றில் இருந்த அந்த 777 வரியையும் நீக்கினேன். பராமரிப்பு ஒப்பந்தம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.