செக்கிங் மேசைக்குப் பக்கத்தில்

திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் சாலையில் வீரபாண்டி பிரிவில் இறங்கினால், மின்கம்பங்களில் ஆள் தேவை நோட்டீஸ்கள். ஓவர்லாக் டெய்லர், பேட்லாக் டெய்லர், சிங்கர் டெய்லர், அயர்னிங், பேக்கிங். செக்கிங் ஆட்கள் கடைசி வரியில், முன் அனுபவம் தேவையில்லை என்ற குறிப்போடு. மென்பொருள் டெஸ்டிங்கில் பிழைப்பு நடத்துகிற எனக்கு அந்தக் கடைசி வரி புதிதல்ல. கோடிங் வராதவர்கள் டெஸ்டிங்குக்குப் போவார்கள் என்று கல்லூரியிலேயே சொல்லித்தான் அனுப்புகிறார்கள்.

நான் போனது ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் ஒரு பனியன் கம்பெனிக்கு. குழந்தைகளுக்கான டி-ஷர்ட் ஓடிக்கொண்டிருந்தது. டெய்லர் வரிசை முடியும் இடத்தில் டியூப்லைட்டுக்கு அடியில் வெள்ளை மேசைகள். பெண்கள் நின்றபடியே பீஸைப் பிரிக்கிறார்கள். கையில் டிரிம்மர், ஓரத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர். கழுத்தில் தொடங்கி தோள், கை, பக்கத் தையல், கீழ்மடிப்பு, பிறகு உள்பக்கம் திருப்பி மறுபடி ஒரு சுற்று. எல்லாருக்கும் இதே வழிதான். எங்கள் டெஸ்ட் கேஸ் பட்டியலும் இப்படித்தான்: வரிசை மாறினால் ஏதாவது ஓர் இடம் விட்டுப்போகும்.

ஆனால் நான் பக்கத்தில் நின்று பார்த்த அக்கா ஒரு பீஸில் அந்த வழியை விட்டு விலகினார். சட்டையின் கைப்பகுதியில் மெல்லிய கோடு ஒன்று. அதைப் பார்த்ததும் கீழ்மடிப்புக்குப் போகாமல், அதே கட்டிலிருந்து நாலைந்து பீஸை உருவிக் கைப்பகுதியை மட்டும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

"இது டெய்லர் தப்பு இல்லைங்க தம்பி. நிட்டிங்லயே வந்தது. நெட்டுக்க இறங்குனா ஊசி, குறுக்க ஓடுனா நூலு."

வட்டப் பின்னல் மெஷினில் ஒவ்வோர் ஊசியும் ஒரு நெடுக்கு வரிசைக் கண்ணிகளைப் பின்னுகிறது. ஓர் ஊசி தேய்ந்தால் அந்த வரிசை முழுக்கக் கோடு விழும். நூலின் தடிமனோ இழுவிசையோ மாறினால் பட்டை குறுக்காக வரும். ஆக, கோடு போகும் திசையிலேயே அது பிறந்த இடமும் தெரிந்துவிடுகிறது. அக்கா அந்தப் பீஸ்களை டெய்லருக்குத் திரும்பும் ஆல்டர் குவியலில் போடாமல் தனியே வைத்தார். பிழை அறிக்கையில் 'பட்டன் வேலை செய்யவில்லை' என்று ஒற்றை வரியில் எழுதி அனுப்பும் எங்கள் ஆட்களை அங்கே ஒரு வாரம் நிறுத்தவேண்டும்.

டெய்லருக்குத் திருப்பி அனுப்புவது லேசான காரியமும் இல்லை. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு ஆல்டர் என்றால் கூலியில்லாத நேரம். திருப்பித் தருபவரும் வாங்கிக்கொள்பவரும் சாயங்காலம் ஒரே பஸ்ஸில் போகிறவர்கள். அக்கா சத்தமாகச் சொல்வதில்லை. அம்பு ஒட்டிய இடம் மேலே தெரிய மடித்து, மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிடுகிறார். டெவலப்பரோடு மல்லுக்கட்டுவதுதான் டெஸ்டரின் திறமை என்று நினைக்கிறவர்கள் எங்கள் துறையில் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை போய் நாளாகிவிட்டது.

செக்கிங் முடிந்த சரக்கில் குறையே இருக்காது என்பது இன்னொரு நம்பிக்கை. பையருக்காக நடக்கும் கடைசி இன்ஸ்பெக்ஷனில் எல்லாப் பெட்டியையும் பிரிப்பதில்லை. வழக்கமான ஏகியூஎல் (ஏற்கத்தக்க தர அளவு) அட்டவணைப்படி 5,000 பீஸ் ஆர்டருக்கு 200 பீஸ் எடுப்பார்கள். பெரிய குறைகளுக்கு 2.5 என்று வைத்திருந்தால் 10 வரை பாஸ். 11 வந்தால் மொத்த லாட்டும் ஃபெயில். பெல் ஆய்வுக்கூடத்தில் டாட்ஜும் ரோமிக்கும் 1920களில் வளர்த்த மாதிரி எடுக்கும் முறை அமெரிக்க ராணுவத் தரவிதியாகி, ஐஎஸ்ஓ 2859 ஆகி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. பாஸ் என்ற முத்திரைக்குள்ளேயே இத்தனை குறை இருக்கலாம் என்ற கணக்கு அடங்கியிருக்கிறது.

எங்கள் தொழில் இங்கே வேறு வழியில் பிரிகிறது. பனியனில் ஒரு பீஸின் குறை அடுத்த பீஸில் இருக்கவேண்டியதில்லை. மென்பொருளில் எல்லாப் பிரதியும் ஒன்றே. ஒன்றில் இருக்கும் தவறு கோடி போனிலும் இருக்கும். அதனால் பிரதிகளை எண்ணிப் பயனில்லை, சந்தர்ப்பங்களைத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும். அவையோ தீராதவை. 32 பிட் எண்கள் இரண்டைக் கூட்டும் ஒரு சிறு நிரலுக்கு எல்லா ஜோடியையும் கொடுத்துப் பார்க்க, நொடிக்குப் பத்து லட்சம் வீதம் போனாலும் 5,80,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 'எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சா?' என்று கேட்கும் மேனேஜருக்கு இந்தக் கணக்கைச் சொல்லியிருக்கிறேன். பதிலாக டெட்லைன் கிடைத்தது.

மேசையில் பிடிபடாதவையும் உண்டு. சிங்கிள் ஜெர்சி துணியில் நூலின் முறுக்கு அடங்காமல் இருந்தால், துவைத்த பிறகு பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பிவிடும். செக்கிங்கில் அந்தப் பீஸ் நேராகத்தான் கிடக்கும். சாம்பிள் கட்டத்திலேயே துவைத்துப் பார்த்திருக்கவேண்டும். ஆனால் சரக்கு திரும்பி வந்தால் முதலில் 'எப்படி விட்டீங்க?' என்ற கேள்வி செக்கிங் மேசைக்குத்தான் வருகிறது. எங்களிடமும் அதையேதான் கேட்பார்கள், நிரலை எழுதிய கை வேறாக இருந்தாலும்.

மெஷின் வந்தால் செக்கிங் ஆள் வேண்டாம் என்கிறவர்கள் பேக்கிங் பக்கம் இருக்கும் நீடில் டிடெக்டரைப் பார்க்கலாம். உடைந்த ஊசி முனை குழந்தை உடுப்பில் தங்கிவிடக்கூடாது என்பதற்கான கருவி. மனுஷக் கண்ணால் ஆகாத வேலை, கருவிதான் செய்யவேண்டும். ஆனால் குறித்த நேரத்துக்கொரு தரம், இரும்புக் குண்டு பதித்த அட்டையை ஒன்பது இடங்களில் வைத்து ஓடவிட்டு, அது கத்துகிறதா என்று ஒருவர் பார்த்து நோட்டில் எழுதுகிறார். எங்கள் தானியங்கி டெஸ்ட்கள் மாதக்கணக்கில் பச்சை காட்டும். அதைச் சோதிக்க யாருக்கும் தோன்றுவதில்லை. நிரலில் வேண்டுமென்றே தவறைப் புகுத்தி, டெஸ்ட் கத்துகிறதா என்று பார்க்கும் முறையை டிமில்லோ, லிப்டன், சேவர்ட் மூவரும் 1978லேயே எழுதிவிட்டார்கள். நான் வேலை பார்த்த இடங்களில் அதைச் செய்தவர்கள் அபூர்வம்.

கிளம்பும்போது அக்காவிடம், புதிதாக வருகிற பெண் இதைக் கற்றுக்கொள்ள எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன்.

"பிசிறு வெட்ட ஒரு நாள் போதுமுங்க. கட்டிங்ல வந்ததா, நிட்டிங்ல வந்ததா, டெய்லர்கிட்ட வந்ததான்னு சொல்ல ரெண்டு வருசமாச்சும் வேணும்."

அந்த ரெண்டு வருசத்துக்குப் பிறகும் அங்கே செக்கிங்கின் ஷிப்ட் கூலி டெய்லர் கூலிக்குக் கீழேதான்.