சாளரச் சட்டமும் சில புள்ளிகளும்

எம் பாட்டனார் தூத்துக்குடித் தோணியொன்றில் தண்டலாக இருந்தவர். தோணிக்குத் தலைவரைத் தண்டல் என்பது அத்துறை வழக்கு. சரக்கேற்றிக் கொழும்புக்குப் பாய் விரித்தோடிய அம்மரக்கலங்கள் பிற்காலத்தில் எந்திரம் பூண்டன. அவர் செலுத்திய தோணி முதுமையுற்றுக் கரையில் உடைக்கப்பட்டபோது, அவர் விரும்பிக் கேட்டுப் பெற்றது பின்புறத்து அறையின் சாளரம் ஒன்றே. அது எம் குடும்பத்தோடு திருச்சிராப்பள்ளிக்கு வந்து, பாலக்கரை இல்லத்தின் பின்கட்டில் சுவரோடு சார்ந்து பல்லாண்டு நின்றது. கண்ணாடியைச் சூழ்ந்த தேக்குச் சட்டத்தின் வண்ணம் வெடித்துச் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் அதனைப் புதுக்கிப் பாட்டனாருக்குப் பரிசாக அளிக்க எண்ணினோம். அவர் கண்களில் படலம் படர்ந்துவிட்டது. எனினும் விரல்களுக்குப் பார்வை குன்றவில்லை. வேலையறியாத யாம் அறிந்தாரைத் தேடிக் காவிரிப் பாலங் கடந்து திருவரங்கம் சென்றோம். அங்குச் சித்திரை வீதியை அடுத்த சந்தொன்றில், மர வாகனங்களுக்கு வண்ணந் தீட்டும் முதியவர் ஒருவர் இருக்கின்றார். அன்று ஒரு குதிரையின் செவிக்குள் தூரிகை நுழைத்திருந்தவர், எம்மை நிமிர்ந்தும் பாராமலே பாடஞ் சொன்னார்.

“கடலில் கிடந்த மரமா, தம்பி? முதலில் நல்ல தண்ணீர் விட்டு இருமுறை கழுவுங்கள். உப்பு உள்ளே இருந்தால் மேற்பூச்சு கொப்புளிக்கும். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கும். உலர்ந்தபடி தேய்த்துத் தூளை உண்ணாதீர்கள். உப்புத்தாளை நனைத்துத் தேயுங்கள்.” அவர் கூறியது மெய்யே. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாதென்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரிலேதான். மூலைப் பொருத்துக்களில் நீர் மிகுதியாக இறங்குமாதலின் அங்கே முதற்பூச்சு இருமுறை வேண்டும் என்றார். கடைசிப் பூச்சு மயிரிழையளவு கண்ணாடிமேல் ஏறி நின்றால்தான் மழைநீர் இடுக்கிற் புகாது என்றார். இறுதியாக, “ஒரு மூலையில் சாண் அளவு பழையபடி விட்டுவையுங்கள்” என்றார். ஏனென்று யாம் கேட்கவில்லை. அது அழகைக் கெடுக்குமே என்று மட்டும் எண்ணினோம்.

மூன்று நாள் தேய்த்தோம். மேலே வெண்மை, அதன்கீழ்ப் பச்சை, அடியில் நீலம். அடியிலிருப்பதே மூலம் என்று யாமே தீர்ப்பளித்து, நீலம் வரையில் அனைத்தையும் அகற்றினோம். பச்சையின்மேல் கீழ்ச்சட்டம் நெடுகச் சிறு வெண்புள்ளிகள் தென்பட்டன. உப்பின் கறை என்று அவற்றை இன்னும் அழுத்தித் தேய்த்தோம். பின்னர்ப் பட்டி பார்த்து, முதற்பூச்சிட்டு, நீலத்தைப் பளபளவெனப் பூசினோம். வேலை நன்றாகவே அமைந்தது. அதை இப்போதும் மறுக்கமாட்டோம்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு, ஆலயத்துக்குப் புறப்படுமுன் பாட்டனார் மடியில் அதனை வைத்தோம். அவர் விரல் கண்ணாடியைத் தடவி, கீழ்ச்சட்டத்துக்கு வந்து, இடமிருந்து வலமாகச் சென்று, மீண்டும் தொடங்கிய இடத்துக்கே திரும்பியது.

“புள்ளியெல்லாம் எங்கேய்யா?”

ஒவ்வொரு பயணமும் பழுதின்றிக் கரை சேர்ந்த நாளில் அவர் வைத்த புள்ளிகள் அவை. வேறு ஒருவர் பின்னாளில் மேலே வெள்ளை பூசியபோதும் அவை மேடிட்டு விரலுக்குத் தட்டுப்பட்டுக்கொண்டிருந்தனவாம். யாம் விடை கூறவில்லை. அவரும் சினக்கவில்லை, சினந்திருந்தால் ஆலயத்தில் சற்று எளிதாக முழந்தாளிட்டிருப்போம்.

திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் மாணாக்கர் உ. வே. சாமிநாதையர், 1887இல் சிந்தாமணி தொட்டுப் பல நூல்களை ஏட்டிலிருந்து அச்சேற்றியவர், பிரதிபேதங்களை வீசியெறியாது அடிக்குறிப்பில் வைத்துக் காத்தார். இதனைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றோம் யாம்! வீட்டிலோ மரமொன்றின் பாடங்களையெல்லாம் உப்புத்தாளால் அழித்து, வாளி நீரோடு கொட்டியிருந்தோம்.

புத்தாண்டு கழிந்து, குதிரை முடிந்து கருடன் தொடங்கியிருந்த அச்சந்துக்கு மீண்டும் சென்றோம். கேட்டவர், “கீலைக் கழற்றினீர்களா?” என்றார். கழற்றவில்லை, துருவேறி இறுகியிருந்தமையால் சோம்பலுற்று விட்டிருந்தோம். அன்று மாலையே எண்ணெயிட்டுக் கழற்றினோம். இரும்புத் தகட்டின் அடியில் இரண்டு விரற்கிடை அகலம் பச்சை; அதில் மூன்று புள்ளிகள்.

கீல் அவ்விடம் வருமுன்பே வைத்த புள்ளிகளாதலின், அவை தொடக்ககாலத்தன என்றார் பாட்டனார். முதலது, தண்டலாகி அவர் கொழும்பு கண்டு திரும்பியது. இரண்டாவதில் பாய் கிழிந்து, இரவெல்லாம் நீர் இறைத்து வந்தனராம். அதனை இருமுறை சொன்னார். மூன்றாவது எப்பயணம் என்று நெடுநேரம் விரலை அதன்மேல் வைத்தபடி எண்ணிப் பார்த்தார். அவருக்கும் நினைவு வரவில்லை.